வெயில் கணக்கு

வாசகர் கேள்விகள், பதில்கள்

சென்ற இதழில் ஆஸ்திரேலியாவின் உலக சோலார் சவால் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். வடகோடியில் டார்வினில் கிளம்பித் தெற்கே அடிலெய்டு வரை, சுமார் 3,000 கி.மீ., வெயிலை நம்பி ஓடும் கார் பந்தயம் அது. 2017-இல் அங்கே படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் அணியில் இருந்தேன். காரை நான் ஓட்டவில்லை. பின்னால் வந்த வேனில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, எவ்வளவு வேகத்தில் போவது என்று சொல்வது என் வேலை.

கடிதங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்திருக்கின்றன. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்ட எல்லோருக்கும் ஒரே பதில்: சொல்ல மாட்டேன். கீழே நான் சொதப்பிய கதை ஒன்று வருகிறது. கூட இருந்தவர்கள் மானம் போக வேண்டாம்.

பந்தயம் என்றால் கொடி அசைத்ததும் பறப்பார்கள் என்று நினைத்திருந்தேன். நீங்களோ சாலையோரத்தில் தூங்கினோம் என்கிறீர்கள். ஒரு நாள் எப்படிப் போகும் என்று காலையிலிருந்து சொல்லுங்களேன்.
— ஓர் ஆசிரியை, தேனி

மூன்றாம் நாளைச் சொல்கிறேன், டீச்சர். முதல் நாள் பரபரப்பிலேயே போய்விட்டது, எதுவும் சரியாக நினைவில் இல்லை.

விதி இதுதான். காலை 8 மணிக்கு ஓட ஆரம்பிக்கலாம், மாலை 5 மணிக்கு நிறுத்த வேண்டும். 5 மணிக்கு எங்கே இருக்கிறோமோ அங்கேதான் ராத்தங்கல். நல்ல இடமாகப் பார்த்து ஓரங்கட்ட 10 நிமிடம் சலுகை உண்டு. இரண்டாம் நாள் மாலை டெனன்ட் க்ரீக் என்ற ஊரைத் தாண்டி 20 கி.மீ. தெற்கே நின்றோம். செம்மண், ஊசி ஊசியாக ஸ்பினிஃபெக்ஸ் புல், ஆள் இடுப்பு உயரத்துக்குக் கறையான் புற்றுகள். புற்றுகளைப் பார்த்ததும் மஞ்சள் தடவிப் பால் ஊற்ற யாரும் இல்லையே என்று தோன்றியது. விருதுநகர்க்காரி வேறு எப்படி யோசிப்பாள்?

காலை 5 மணிக்கு எழுந்தாயிற்று. 6 மணி வாக்கில் சூரியன் வரும், அதற்குள் பேனல் தயாராக நிற்க வேண்டும். காரின் மேல் ஓடு முழுவதும் பேனல்தான். அதை நான்கு பேர் கழற்றித் தூக்கி, கிழக்கே பார்த்துச் செங்குத்தாகத் தாங்கி நிறுத்துவோம். சூரியன் ஏற ஏறச் சாய்வைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மொட்டை மாடியில் வடாம் காயப்போட்டு, நிழல் நகர நகரத் தட்டை இழுத்துப் போடுவார்களே, கிட்டத்தட்ட அதே வேலை. காக்கைக்குப் பதில் ஈ. அந்த ஊர் ஈ சாப்பாட்டைத் தேடி வராது, நம் கண்ணிலும் மூக்கிலும் இருக்கும் ஈரத்தைத் தேடி வரும். தலையில் வலை போட்டுக்கொண்டுதான் பல் தேய்த்தோம்.

8 மணிக்குக் கிளம்பினோம். முன்னால் எங்கள் கார் ஒன்று, நடுவில் சோலார் கார், பின்னால் நான் இருந்த வேன். வேனில் பந்தய அமைப்பாளர்கள் அனுப்பிய பார்வையாளர் ஒருவரும் இருப்பார், விதியை மீறுகிறோமா என்று பார்க்க. அன்று வந்தவர் ஓய்வு பெற்ற பெரியவர். என் எலுமிச்சம் சாதத்தை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். விதியில் ஒரு நிமிடம்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

மணிக்கு 62 கி.மீ. அன்றைய கணக்குக்கு அந்த வேகம்தான். அந்த நெடுஞ்சாலையில் சில இடங்களில் 130 வரை போகலாம். அதனால் கேரவன் இழுத்துக்கொண்டு சுற்றுலா போகும் தாத்தா பாட்டிகள்கூட எங்களைத் தாண்டிக் கையசைத்துவிட்டுப் போவார்கள். ஒன்றரை மணி நேரத்தில் கார்லு கார்லு வந்தது. வீடு அளவு உருண்டைப் பாறைகள், ஒன்றின்மேல் ஒன்று வைத்தது போல. அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்குப் புனிதமான இடம். நான் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தபோது பாதி போய்விட்டது.

9.50-க்கு முன் சக்கரம் பஞ்சர். பல்கலைக்கழகக் கார் நிறுத்துமிடத்தில் டயர் மாற்றுவதை எத்தனையோ முறை பழகியிருந்தோம், 6 நிமிடத்தில் முடித்திருக்கிறோம். இங்கே 11 நிமிடம் ஆனது. கான்கிரீட்டில் பழகிய ஜாக்கி செம்மண்ணுக்குள் இறங்கிவிட்டது. கடைசியில் சமையல் சாமான் பெட்டியின் மூடியை அடியில் கொடுத்துத் தூக்கினோம்.

11.30-க்கு பாரோ க்ரீக். இது கட்டாய நிறுத்தம். வழியில் இப்படி ஒன்பது இருந்தன, ஒவ்வொன்றிலும் சரியாக 30 நிமிடம் நிற்க வேண்டும். டிரைவர் மாறலாம், பேனலில் அப்பியிருக்கும் பூச்சியைத் துடைக்கலாம், பழுது பார்க்கக் கூடாது. ஊர் என்று பெயர், ஒரு மதுக்கடை, ஒரு பெட்ரோல் பங்க், கல்லால் கட்டிய பழைய தந்தி நிலையம், அவ்வளவுதான். 1872-இல் அடிலெய்டிலிருந்து டார்வினுக்குத் தந்திக் கம்பி இழுத்தபோது கட்டிய நிலையம் அது. அந்தக் கம்பி டார்வினில் கடலுக்குள் இறங்கி ஜாவா, சிங்கப்பூர், பினாங்கு என்று தொட்டு நம் சென்னையில் கரையேறித்தான் லண்டன் போனது. இதை நான் அங்கே ஒரு பலகைக்கு முன் நின்று எங்கள் அணிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். 'நேரமாச்சு' என்று இழுத்துக்கொண்டு போனார்கள்.

மதியம் நடந்ததைக் கீழே தனியாகச் சொல்கிறேன், அது என் கதை. மாலை 5.04-க்கு ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு 40 கி.மீ. முன்னால் ஓரங்கட்டினோம். உடனே பேனலைக் கழற்றி மேற்கே பார்த்து நிறுத்தி, செடிக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரால் தண்ணீர் அடித்தோம். பேனல் சூடேறினால் மின்சாரம் குறையும், குளிர்ந்தால் கூடும். குடிக்கக் கொண்டுபோன தண்ணீரில்தான் அடித்தோம். அப்புறம் பாஸ்தா, இருட்டு, ஒரு கூடை நட்சத்திரம். 10 மணிக்குத் தூக்கம்.

அக்கா, எங்கள் வீட்டு மாடியில் சோலார் பேனல் இருக்கிறது. அதில் ஃபேனும் லைட்டும்தான் ஓடுகின்றன. கட்டில் அளவு பேனலில் கார் எப்படி ஓடும்?
— ஒன்பதாம் வகுப்பு மாணவன், கரூர்

கட்டில் அளவு என்று சரியாகப் பிடித்திருக்கிறாய், தம்பி. எங்கள் வருடத்து விதிப்படி 4 சதுர மீட்டர் பேனல். உச்சி வெயிலில் எங்களுடையது 950 வாட் கொடுத்தது. உன் வீட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துப் பார், 1,000 வாட் என்று போட்டிருக்கும். ஒரு சட்டையைத் தேய்க்கிற மின்சாரத்தில் ஓர் ஆளை மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கொண்டுபோக வேண்டும்.

அதற்குக் காரை அப்படிக் கட்ட வேண்டும். கார்பன் இழை உடம்பு, ஆளில்லாமல் 200 கிலோவுக்குப் பக்கம். காற்றைக் கிழிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும் வடிவம். சைக்கிள் டயரைவிடக் கொஞ்சம்தான் தடிமனான, கல் மாதிரி காற்றடித்த டயர். மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும். கியரும் இல்லை, சங்கிலியும் இல்லை, அதனால் வழியில் வீணாவது ரொம்பக் குறைவு. ஏசி கிடையாது.

இப்படிக் கட்டினால் எங்கள் காருக்கு 1 கி.மீ.க்கு 14 வாட்-மணி செலவு (1,000 வாட்-மணி ஒரு யூனிட்). 3,000 கி.மீ.க்கு 42 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இல்லையா? அந்த இலவச யூனிட்டில் டார்வினிலிருந்து அடிலெய்டு போய், அங்கிருந்து திரும்பியும் வந்துவிடலாம். மீதி 16 யூனிட்டில் உன் ஃபேனைப் போட்டுக்கொள்.

காரும் ஓட்டவில்லை, ஸ்பேனரும் பிடிக்கவில்லை. லேப்டாப் வைத்துக்கொண்டு 'மெதுவாகப் போ' என்று சொல்ல ஒரு ஆளா?
— மெக்கானிக், மதுரை

அண்ணாச்சி, இதே கேள்வியை எங்கள் அணியில் ஸ்பேனர் பிடித்தவர்களும் கேட்டார்கள்.

எங்கள் வீட்டில் அம்மா தினசரிக் காலண்டரின் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதுவார். மாதம் பிறந்ததும் சம்பளம் கையில் இருக்கும், அதற்காக முதல் வாரமே கறியும் மீனுமாகச் சாப்பிட்டால் கடைசி வாரம் கஞ்சிதான். சோலார் காரும் அப்படித்தான். டார்வினில் கிளம்பும்போது பேட்டரியில் 5 யூனிட் இருக்கும், அது கையிருப்பு. தினமும் வெயில் தருவது 7 யூனிட், நல்ல நாளில் கொஞ்சம் கூட. அது வரவு. அடிலெய்டு எல்லையில் பேட்டரி காலியாகி நிற்க வேண்டும். முன்னாலேயே காலியானால் நடுக்காட்டில் நிற்போம். மிச்சம் இருந்தால், அந்த மிச்சத்துக்கு இன்னும் வேகமாகப் போயிருக்கலாம், அதுவும் நஷ்டம்தான்.

வேகம் கூட்டினால் செலவு அதே அளவில் கூடாது. காற்றை எதிர்க்கும் செலவை மட்டும் எடுத்துக்கொண்டால், வேகம் இரண்டு மடங்கானால் ஒவ்வொரு கி.மீ.க்கும் நான்கு மடங்கு செலவாகும். அதனால் அரை மணி 50-இலும் அரை மணி 70-இலும் போவதைவிட, ஒரு மணி நேரம் முழுக்க 60-இல் போனால் செலவு குறையும். தூரம் அதே 60 கி.மீ.தான். இது டிரைவருக்கும் தெரியும். ஆனால் பின்னால் வந்த அணி தாண்டிப் போகும்போது காலை அழுத்தாமல் இருக்க, ரேடியோவில் ஒருத்தி 'அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு' என்று ஜபம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருத்தி நான்.

மேகம் வந்தால் நிறுத்தி வைத்துக் காத்திருப்பீர்களா?
— இல்லத்தரசி, திருவண்ணாமலை

மாட்டோம். கேட்டால் விநோதமாக இருக்கும், மேகத்துக்கு அடியில் சற்று வேகமாகவும் வெயிலில் சற்று மெதுவாகவும் போக வேண்டும். நிழலில் இருக்கும் நேரத்தைக் குறைத்து, வெயிலில் இருக்கும் நேரத்தைக் கூட்டும் தந்திரம் இது. தேர்வு முடிந்து பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகள் நிழலுக்கு ஓடுவார்கள், நாங்கள் வெயிலுக்கு ஓடினோம். மேகம் சின்னதாக இருந்தால்தான் இது பலிக்கும். வானம் முழுக்க மூடிவிட்டால் வேகத்தைக் குறைத்துக் கையிருப்பைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. எது சின்ன மேகம், எது பெரிய மேகம் என்று கண்டுபிடிப்பதில்தான் நான் கோட்டை விட்டேன்.

நாங்கள் கல்லூரியில் எலெக்ட்ரிக் பைக் செய்கிறோம். பந்தய வீரர்கள் வெற்றிக் கதையைத்தான் சொல்வார்கள். நீங்கள் செய்த தவறு ஏதாவது?
— பொறியியல் மாணவர், ஈரோடு

இதற்குத்தான் காத்திருந்தேன்.

அதே மூன்றாம் நாள், பாரோ க்ரீக்கில் மதியம் 12 மணிக்குக் கிளம்பினோம். பத்து நிமிடம் போயிருக்கும். பேனலிலிருந்து வரும் மின்சாரம் 940-லிருந்து 620-க்கு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வானத்தில் மெல்லிசாக, பழைய வேட்டியை விரித்தது போல ஒரு மேகத் திரை. 'உயர மேகம், வெயிலை வடிகட்டுகிறது' என்று முடிவு கட்டினேன். திரை தெற்கே கண்ணுக்கு எட்டும் வரை போனதால், பெரிய மேகக் கணக்கில் சேர்த்து, 48-க்கு இறங்கச் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். லேப்டாப் வைத்திருப்பவள் அல்லவா.

வேன் கூரையில் வெயிலின் அளவைக் காட்டும் கருவி ஒன்று பொருத்தியிருந்தோம். அது வெயில் கிட்டத்தட்ட குறையவே இல்லை என்று காட்டியது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கருவியில் தூசி படிந்து தப்பாகக் காட்டுகிறது என்று. யோசித்துப் பாருங்கள், தூசி படிந்தால் அளவு குறைவாகத்தான் காட்டும், கூடுதலாகக் காட்டாது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்குத் தெரியும். மூன்று நாள் சரியாகத் தூங்காத எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மணி நேரம் 48-இல் ஊர்ந்தோம். மூன்று அணிகள் தாண்டிப் போயின. அவர்கள் கையிருப்பைக் கரைக்கிறார்கள், நாளைக்கு அழுவார்கள் என்று ரேடியோவில் ஆறுதல் வேறு சொன்னேன். வேனில் இருந்த பார்வையாளர் பெரியவர்தான், பேச்சுவாக்கில், 'நிழல் இவ்வளவு கறுப்பாக விழுகிறதே' என்றார். வேனின் நிழல் தார்ச்சாலையில் மை மாதிரி விழுந்திருந்தது. மூன்றில் ஒரு பங்கு வெயிலை மேகம் தின்றிருந்தால் நிழல் அப்படி விழாது.

எங்கள் பேனல் மூன்று பகுதியாகப் பிரித்து இணைத்தது. 940 போய் 620 என்றால் சரியாக ஒரு பகுதி போயிருக்கிறது. நிறுத்தி, காரின் மேல் ஓட்டைத் தூக்கினோம். ஒரு கனெக்டர் கழன்று தொங்கியது. மாடு தாண்டாமல் இருக்கச் சாலைக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்திருப்பார்கள், அப்படி ஒன்றின்மேல் தடதடவென்று போனோம், அதில்தான் கழன்றிருக்க வேண்டும். கையால் அழுத்தினேன், 'டிக்' என்று உட்கார்ந்தது. டேப் சுற்றி, கட்டி, மற்ற இணைப்புகளையும் சோதித்துக் கிளம்ப 25 நிமிடம்.

அன்று இரவு கணக்கில் பேட்டரியில் 3.1 யூனிட் இருக்க வேண்டும். இருந்தது 2.6. அரை யூனிட் என்றால் எங்களுக்கு 35 கி.மீ. தூரம். வீணாய்ப் போன நேரத்துக்குக் கணக்கு எழுதவில்லை.

வரவு குறைந்தால் முதலாளி சம்பளத்தைக் குறைத்தாரா, சட்டைப்பையில் ஓட்டையா என்று முதலில் பார்க்க வேண்டும். நான் நேராக முதலாளியோடு சண்டைக்குப் போய்விட்டேன். உங்கள் பைக்கிலும் எண்கள் திடீரென்று விழும். அரைவாசி, மூன்றில் ஒன்று என்று சுத்தமான பின்னத்தில் விழுந்தால் இணைப்பைப் பாருங்கள். இயற்கை அவ்வளவு சுத்தமாக வகுக்காது.

டிரைவருக்கு நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டுமே. கழிப்பறை?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, நாகர்கோவில்

கட்டாய நிறுத்தத்தில். நடுவில் அடக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் தண்ணீர் குடிக்காமல் இருக்கவும் முடியாது, உள்ளே அடுப்படி மாதிரி கொதிக்கும். இன்னொரு செய்தி: எடை குறைவான டிரைவரால் யாருக்கும் லாபம் வரக் கூடாது என்று 80 கிலோவுக்குக் குறைந்தவர்கள் மீதி எடையைச் சுமக்க வேண்டும். எங்கள் டிரைவர்களில் ஒருத்தி 52 கிலோ. அவளோடு 28 கிலோ ஈயப் பைகளும் பயணம் செய்தன.

ஆபத்து இல்லையா? லாரிகள் ஓடும் சாலைதானே?
— லாரி உரிமையாளர், நாமக்கல்

ஐயா, உங்கள் ஊர்க்காரர்கள் பார்க்க வேண்டிய வண்டி அது. ரோடு டிரெயின் என்பார்கள். ஒரு இழுவை வண்டி, பின்னால் மூன்று நான்கு டிரெய்லர், மொத்த நீளம் 53.5 மீட்டர் வரை. எதிரே அது வரும்போது முதலில் காற்று காரை வெளியே தள்ளும், தாண்டியதும் உள்ளே இழுக்கும். முன்னால் போகும் எங்கள் கார் பார்த்துவிட்டு ரேடியோவில் சொல்லும், டிரைவர் ஸ்டியரிங்கை இறுக்கிக்கொள்வார். ஒவ்வொரு முறையும் வேனில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவோம். அந்த ஓட்டுநர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். இடம் விட்டு ஒதுங்கி, ஹாரன் அடித்து உற்சாகப்படுத்துவார்கள்.

2019 போட்டியை நான் கோவையிலிருந்து இணையத்தில் பார்த்தேன். முன்னணியில் போய்க்கொண்டிருந்த நெதர்லாந்தின் ட்வென்டே அணியின் காரைப் பக்கக் காற்று சாலையை விட்டே தூக்கிப் போட்டது. கடைசி நாளில், வெற்றியை நெருங்கிய, அதே நாட்டு டெல்ஃப்ட் மாணவர்களின் கார் தீப்பிடித்தது. இரண்டிலும் டிரைவர்கள் தப்பினார்கள். பின்னால் வந்த பெல்ஜியம் வென்றது. சொந்த அணி தோற்றபோதுகூட அழாத நான் அன்று அலுவலகக் கழிப்பறையில் போய் அழுதேன்.

டார்வின் வெயில் நம்மூர் வெயில் மாதிரியா?
— ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், காரைக்குடி

சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரி, டார்வின் தெற்கே 12 டிகிரி சொச்சம். கண்ணாடியில் பார்த்தது போல. வியர்வையும் அதே பிசுபிசுப்பு, மாமரம்கூட உண்டு. இறங்கிய அன்று ஊருக்கு வந்த மாதிரியே இருந்தது. உள்ளே போகப் போகத்தான் காற்று காய்ந்து உதடு வெடிக்கும். ஒன்று மட்டும் பழக எனக்கு நாளானது: அங்கே மதியச் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். டார்வினில் அக்டோபரில் கிட்டத்தட்ட உச்சியில் இருப்பவர், தெற்கே போகப் போகப் பின்னுக்குச் சாய்ந்துகொண்டே போவார். அடிலெய்டு நெருங்கும்போது காரின் முதுகுப் பக்கம்தான் வெயில். நாம் அவரை விட்டு ஓடுவது போல இருக்கும்.

இந்தப் பந்தயத்தை யார் ஆரம்பித்தது? 2017-இல் யார் ஜெயித்தார்கள்? நீங்கள் எத்தனையாவது?
— வாசகர், புதுச்சேரி

ஹான்ஸ் தோல்ஸ்ட்ரப் என்ற சாகசக்காரர். 1982-83-இல் லாரி பெர்கின்ஸ் என்ற கார் பந்தய வீரரோடு சேர்ந்து ஒரு சோலார் காரில் பெர்த்திலிருந்து சிட்னிக்கு 20 நாளில் போனார். அந்தச் சூட்டோடு 1987-இல் முதல் பந்தயம். அதில் வென்ற ஜெனரல் மோட்டார்ஸின் சன்ரேசர் சராசரி 67 கி.மீ. வேகம். 2005-இல் டெல்ஃப்ட் மாணவர்கள் 100-ஐத் தாண்டிவிட்டார்கள். அப்புறம் பேனல் அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள், இல்லாவிட்டால் வேக வரம்புக்கு அபராதம் கட்ட வேண்டி வந்திருக்கும். 2017-இலும் டெல்ஃப்ட்தான், சராசரி 81.

நாங்கள்? அடிலெய்டில் விக்டோரியா சதுக்கத்தின் நீரூற்றில் எல்லோரையும் போலக் குதித்தோம். ஆனால் கடைசி 200 கி.மீ. எங்கள் கார் டிரெய்லரில் ஏறி வந்தது. நேரம் முடிந்துவிட்டது. அந்த 35 கி.மீ. இருந்திருந்தாலும் போதாது, நானே பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

அங்கே என்ன சாப்பிட்டாய்? எலுமிச்சம் சாதம் எழுதியிருந்தாயே, கறிவேப்பிலை கிடைத்ததா?
— ஒரு பாட்டி, விருதுநகர்

நம்மூர்ப் பாட்டியா! டார்வின் சந்தையில் கறிவேப்பிலை கிடைத்தது, பாட்டி. ஒரு கட்டு வாங்கி ஈரத்துணியில் சுற்றி, பேட்டரிக்கு வைத்திருந்த ஐஸ் பெட்டியில் ஒளித்துவைத்தேன். ஒரு சிக்கல் எலுமிச்சையில்தான். தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்துக்குள் பழம் கொண்டுபோகத் தடை, பழ ஈ பயம். அதனால் எல்லைக்கு முன்னால் குல்கெராவில் மீதமிருந்த பன்னிரண்டு எலுமிச்சம்பழத்தையும் பிழிந்து ஜூஸ் போட்டுக் கொடுத்தேன். உப்பு போட்டு. சர்க்கரை எதிர்பார்த்த பிள்ளைகள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது டம்ளர் கேட்டது பார்வையாளர் மட்டும்தான்.

நம் சாலைகளில் சோலார் கார் எப்போது வரும்?
— கடைக்காரர், திருப்பூர்

எனக்கு நம்பிக்கை இல்லை. நால்வர் அமரும் கார், ஏசி, மூட்டை முடிச்சு என்றால் அந்தக் கூரையில் பிடிக்கிற வெயில் கொஞ்ச தூரத்துக்குத்தான் வரும். இந்தப் பந்தயத்திலேயே குடும்பக் கார் பிரிவில் வென்ற நெதர்லாந்தின் ஐந்தோவன் மாணவர்கள் லைட்இயர் என்று நிறுவனம் தொடங்கி, அருமையான கார் ஒன்றை உருவாக்கினார்கள். 2022 இறுதியில் தயாரிப்பு தொடங்கி, 2023 ஜனவரியில் நின்றுபோனது. விலை கட்டுபடியாகவில்லை. உங்கள் கடை மாடியில் பேனல் போட்டு, கீழே பேட்டரி ஸ்கூட்டரைச் சார்ஜ் செய்யுங்கள். அதுவும் சோலார் வண்டிதான், வீட்டு மாடி நிழலில் நிற்காது.

சென்ற இதழில் மகர ரேகை என்று எழுதியிருக்கிறீர்கள். கடக ரேகை என்றல்லவா பள்ளியில் படித்தோம்? ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கத்தில் அந்தக் கோட்டைக் கடந்தபோது எப்படி இருந்தது?
— புவியியல் ஆர்வலர், தஞ்சாவூர்

கடக ரேகை வடக்கே, குஜராத், மத்தியப் பிரதேசம் வழியாகப் போவது. மகர ரேகை தெற்கே, அதே 23 டிகிரி சொச்சத்தில். இரண்டும் சரிதான், அரைக்கோளம்தான் வேறு.

மூன்றாம் நாள் இரவு நாங்கள் தூங்கிய இடம் அதற்கு 10 கி.மீ. முன்னால். மறுநாள் காலை கிளம்பிப் பத்து நிமிடத்தில் கடந்தோம். சாலையோரம் அடையாளச் சின்னம் வைத்திருக்கிறார்கள், எல்லோரும் நின்று படம் எடுப்பார்கள். எங்களில் ஒருவரும் எடுக்கவில்லை. நான் மூன்று பகுதியும் மின்சாரம் தருகிறதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தந்தது.